கேட்கப்பட்ட நாவல்: டொன் குவிக்சொட்டும் தொண்டர் குரலும்

நாவல் தனிமையில் வாசிக்கப்படுவதற்கென்றே தோன்றிய வடிவம் என்பது திறனாய்வுலகில் ஏறத்தாழ ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிபாகும். வால்டர் பெஞ்சமின் 1936இல் எழுதிய 'கதைசொல்லி' என்னும் கட்டுரை இதனைத் தெளிவுற எடுத்துரைத்தது. கதை வாய்வழி வந்தது. கேட்போர் கூட்டத்தை வேண்டி நிற்பது. நாவலோ அச்சு நூலைச் சார்ந்தது. தனித்திருப்பவனால் எழுதப்பட்டுத் தனித்திருப்பவனால் படிக்கப்படுவது. இவ்வகையின் முதற் பெரும் படைப்பாக அவர் சுட்டியது செர்வாந்தேசின் டொன் குவிக்சொட்டையே. முதலாளித்துவ சமூகத்தின் உதயத்தோடு நாவலின் தோற்றத்தை இணைத்து நோக்குவது பொதுவிதி என்றளவிற் சரியானதே. ஆயின், அவ்விதிக்குச் சான்றாகக் காட்டப்படும் படைப்பை உற்றுநோக்கும்போது ஒரு முரண்பாடு புலப்படுகின்றது.

1605இல் வெளிவந்த முதற் பாகத்தின் 32ஆம் அத்தியாயத்தில் விடுதிக்காரன் ஒருவன் பேசுகின்றான். அறுவடைக் காலத்தில் கூலியாட்கள் அவனது விடுதியில் ஒன்றுகூடுவர். அவர்களுள் எழுத்தறிந்த ஒருவன் நூலைக் கையிலெடுப்பான். முப்பதுக்கு மேற்பட்டோர் அவனைச் சூழ்ந்திருந்து கேட்பர். வாள்வீச்சு விடுதிக்காரனைக் கவருகின்றது. பிரிவால் வருந்தும் வீரரின் புலம்பல் அவன் மகளை அழவைக்கின்றது. பணிப்பெண்ணுக்கோ காதற் காட்சிகளே இனிக்கின்றன. ஒரே நூல் கேட்போரின் சமூக நிலைக்கேற்ப வெவ்வேறாகப் பொருள்படுவதைச் செர்வாந்தேஸ் நுணுக்கமாக அவதானித்துள்ளார். 1615இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தின் அத்தியாயத் தலைப்பொன்று வாசிப்போரோடு, வாசிக்கக் கேட்போரையும் குறிப்பிடுகின்றது. எழுத்தறிவு சிறுபான்மையினரின் உடைமையாக இருந்த சமூகத்தில் நாவலும் செவிவழியாகவே பெரும்பான்மையினரைச் சென்றடைந்தது. மார்க்ஸ் தம் பிள்ளைகளுக்கு இந்நாவலை வாய்விட்டு வாசித்துக் காட்டினார் என்பதை அவர் மகள் எலியனோர் பதிவுசெய்துள்ளமையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இந்தப் பின்னணியிலேயே தொண்டர்கள் இந்நாவலை இலவச ஒலிநூலாக்கியமையை நாம் மதிப்பிடல் வேண்டும். 2005இல் மொன்றியல் நகரில் ஹியூ மக்குவயர் தொடக்கிவைத்த லிப்ரிவொக்ஸ் என்னும் முயற்சி, பதிப்புரிமை நீங்கிய நூல்களை உலகெங்குமுள்ள தொண்டர்களைக் கொண்டு ஒலிப்பதிவு செய்கின்றது. ஒருவர் ஓர் அத்தியாயத்தை வாசிக்க, வேறொருவர் அடுத்ததை வாசிக்கலாம். மற்றொருவர் கேட்டுப் பிழை திருத்துவார். எவர்க்கும் ஊதியமில்லை. எந்த ஊர் உச்சரிப்பும் விலக்கப்படுவதில்லை. டொன் குவிக்சொட் மூலமொழியிலும், 1885ஆம் ஆண்டின் ஜோன் ஓம்ஸ்பி ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இவ்வாறு கிடைக்கின்றது. விற்பனைப் பண்டமாகிய நூல் இங்கு பயன்பெறுமதி மட்டுமே உடையதாகி நிற்கின்றது. இதன் முற்போக்கான உள்ளடக்கத்தை ஐயுறுவதற்கில்லை.

எனினும் இருவகை வரையறைகளைச் சுட்டாதிருத்தல் இயலாது. முதலாவது உழைப்புப் பற்றியது. ஊதியமின்றி வாசிப்பதற்கு ஓய்வு வேண்டும். ஓய்வு வர்க்க சமூகத்திற் சமமாகப் பங்கிடப்பட்டதன்று. மேலும், பொதுவுடைமையாக விடப்பட்டதை மூலதனம் கையகப்படுத்துவதற்குத் தடையேதுமில்லை. லிப்ரிவொக்ஸ் ஆங்கில ஒலிப்பதிவுகளிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மணிநேரப் பேச்சு தொகுக்கப்பட்டு, 2015இல் லிப்ரிஸ்பீச் என்னும் பெயரில் வெளியிடப்பட்டது. மனிதப் பேச்சை இனங்காணக் கணினிகளைப் பயிற்றுவதற்கு அது உலகெங்கும் பயன்பட்டது. நன்கொடையாக வழங்கப்பட்ட குரல் உற்பத்திச் சாதனமாக மாறிய வரலாறு இது.

இரண்டாவது வரையறை கேட்போர் பற்றியது. 1865இல் ஹவானாவின் எல் பீகரோ சுருட்டுத் தொழிற்சாலையில் தொழிலாளர் வேலைசெய்துகொண்டிருக்க, ஒருவர் உரத்து வாசிக்கும் வழக்கம் தொடங்கிற்று. வாசிப்பவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து வழங்கினர். எதை வாசிப்பதென்பதையும் அவர்களே முடிவு செய்தனர். மறு ஆண்டே குடியேற்ற அரசு அதனைத் தடைசெய்தது. புலம்பெயர்ந்த கியூபத் தொழிலாளர் இவ்வழக்கத்தை அமெரிக்காவின் தாம்பா நகருக்குக் கொண்டுசென்றனர். அங்கு 1931இல் முதலாளிமார் வாசகரை அகற்றி வானொலிப் பெட்டியை வைத்தனர். ஆட்சியாளரும் முதலாளிமாரும் அஞ்சியது நூலைக் காட்டிலும் கூடிக் கேட்டலையே என்பது இதனாற் பெறப்படும். இன்றைய ஒலிநூல் குரலை மீட்டுத் தந்துள்ளது. கூட்டத்தை மீட்டுத் தரவில்லை. அறுகம்பேயில் அலைச்சறுக்கலுக்கு வரும் ஐரோப்பியப் பயணி செவிப்பொறியை மாட்டிக்கொண்டு டொன் குவிக்சொட்டைக் கேட்கலாம். ஆயின், அவன் கேட்பதை அருகிற் கரைவலை இழுப்போர் அறியமாட்டார். அவர்கள் வழிவழியாகப் பாடிவந்த அம்பாவை அவனும் அறியான்.

அம்பாறைக் கரையோரத்துக்குக் கூடிக் கேட்டல் அந்நியமான பண்பாடன்று. முஸ்லிம் ஊர்களில் சீறாப்புராணமும் கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் இசையோடு படிக்கப்பட்டன. எழுத்தறியாதோர் அவற்றைச் செவிவழியே தமதாக்கினர். கல்முனையை அடுத்த பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிற் சடங்கோடு பாரதக் கதை இணைந்து வாழ்கின்றது. போடியாரின் களத்திற் சூடு மிதித்த உழைப்பாளர் பொலி பாடினர். செர்வாந்தேஸ் காட்டும் அறுவடைக் கூலியாட்களுக்கும் இவர்களுக்கும் இடையிலான ஒப்புமை தற்செயலானதன்று. நிலவுடைமைச் சமூகத்தில் உழைப்போர் இலக்கியத்தை அடைந்த வழி இரு நாடுகளிலும் ஒன்றாகவே இருந்தது.

இத்தகைய கேட்போர் முன்னிலையில் டொன் குவிக்சொட்டின் உட்பொருளும் புதிதாக வெளிப்படும். நாவலின் மூலத்தை எழுதியவர் சீதே அமேத்தே பெனென்ஹெலி என்னும் அரபு வரலாற்றாசிரியர் என்பது செர்வாந்தேசின் புனைவு. தொலேதோவின் சந்தையில் அரபுக் கையேடுகளை வாங்கிய கதைசொல்லி, மொறிஸ்கோ ஒருவனைக் கொண்டு அவற்றை மொழிபெயர்ப்பிக்கின்றான். அவனுக்குரிய கூலி உலர்ந்த திராட்சையும் கோதுமையும். மொறிஸ்கோக்கள் கட்டாயத்தின் பேரிற் கிறித்தவராக்கப்பட்ட முஸ்லிம்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அதற்கு மறு ஆண்டு வந்த இரண்டாம் பாகத்திலே, வெளியேற்றப்பட்ட கடைக்காரன் ரிக்கோத்தே மாறுவேடத்தில் ஊர் திரும்பித் தன் அயலவனான சாஞ்சோவைச் சந்திக்கின்றான். அவன் அரசனின் ஆணையை நியாயப்படுத்தவும் செய்கின்றான். தாய்நாட்டை நினைந்து கண்ணீரும் வடிக்கின்றான். அரசுக் கருத்தியலுக்கு உட்பட்டு எழுதிய ஆசிரியரை யதார்த்தம் வென்று நிற்கும் இடம் இது. பால்சாக் பற்றி 1888இல் எங்கெல்ஸ் கூறிய கருத்து இங்கும் பொருந்தும்.

ரிக்கோத்தே தூய காஸ்தீலிய மொழியிற் பேசுகின்றான் என்பதைச் செர்வாந்தேஸ் தனித்துக் குறிப்பிடுகின்றார். வெளியேற்றியோரின் மொழியும் வெளியேற்றப்பட்டோரின் மொழியும் ஒன்றே. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளிற் பேசப்பட்டதும் தமிழே. இரு வரலாறுகளும் காரணங்களால் வேறுபட்டவை. அவற்றை ஒன்றெனக் கொள்வது வரலாற்றுணர்வாகாது. ஆயினும் மொழியொருமை மட்டும் மனிதரைக் காப்பதில்லை என்னும் கசப்பான உண்மையை ரிக்கோத்தேயின் கதை நமக்கு உணர்த்தவல்லது. சாஞ்சோவின் நடத்தையும் சிந்தனைக்குரியது. புதையலை மீட்க அவன் உதவ மறுக்கின்றான். அயலவனைக் காட்டிக்கொடுக்கவும் மறுக்கின்றான். அச்சத்தால் எல்லைப்படுத்தப்பட்ட அந்த அரைகுறைத் தோழமையை நம் சமூகங்கள் இரண்டும் நன்கறியும்.

தமிழில் இந்நாவலைத் தொண்டர் குரலில் ஒலிக்கச் செய்வதற்கு இடையூறாக இருப்பது குரலின்மையன்று. மூலநூல் பொதுவுடைமை, மொழிபெயர்ப்போ மொழிபெயர்த்தவரின் உரிமை. இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து எழுபது ஆண்டுகள்வரை அவ்வுரிமை நீடிக்கும். ஆகவே, பொதுமக்களுக்கென விட்டுக்கொடுக்கப்படும் புதிய மொழிபெயர்ப்பே முதற்றேவையாகும். கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் 1981இல் 'பலஸ்தீனக் கவிதைகள்' தொகுப்பைத் தமிழுக்குத் தந்தார். நாடிழந்தோரின் இலக்கியத்தை இக்கரைக்குக் கொணரும் மரபு இங்கு ஏற்கெனவே உண்டு. அதுவரை தொண்டர்கள் காத்திருக்க வேண்டியதுமில்லை. ஓம்ஸ்பியின் மொழிபெயர்ப்பு வெளிவந்த அதே 1885இல் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' வெளிவந்தது. ஈழத்தின் முதற் தமிழ் நாவலெனக் கருதப்படும் அந்நூலுக்கு இன்று பதிப்புரிமைத் தடையில்லை. அதனைக் கிழக்கிலங்கை உச்சரிப்பில், பல குரல்களிற் பதிவுசெய்தல் கூடும்.

பதிவுசெய்தபின் அது சனசமூக நிலையங்களிலும் நூலகங்களிலும் கூட்டமாகக் கேட்கப்படல் வேண்டும். கேட்டபின் விவாதிக்கப்படல் வேண்டும். பாண்டிருப்பாரும் கல்முனைக்குடியாரும் ஓரிடத்திலிருந்து ரிக்கோத்தேயின் கதையைக் கேட்கும் நாளில், அந்நாவல் தான் பிறந்த விடுதியின் கேட்போர் கூட்டத்தை மீண்டும் பெற்றுவிடும். அக்கூட்டத்தை உருவாக்குவது முற்போக்கு இலக்கிய இயக்கத்தின் கடமையாகும்.