இமாரத்துல் ஃபுகராவும் கல்மண்டபத்து மெத்தை வீடும்

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹி (1900–1989), குர்னா என்னும் சிற்றூரைப் புதிதாகக் கட்டிய தம் அனுபவத்தை விரித்துரைத்த நூல் 1969இல் கெய்ரோவில் வெளிவந்தது. 1973இல் அமெரிக்காவில் ‘ஏழையர்க்கான கட்டடக் கலை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் மீண்டும் வந்து உலகப் புகழ் எய்தியது. அரபியில் அது ‘இமாரத்துல் ஃபுகரா’ என வழங்குகின்றது. அந்நூலுக்குப் புகழுரைகள் ஏராளமாக வந்துவிட்டன. இராயபுரம் கல்மண்டபத்தில், ஒரு பழைய மெத்தை வீட்டின் ஒழுகும் தளத்தின்கீழ் அமர்ந்து அதைப் படித்த நமக்கு எழுந்த ஐயமொன்றை இங்கே முன்வைக்க விழைகின்றோம்.

லுக்ஸருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பண்டைய எகிப்தியப் பிரபுக்களின் கல்லறைகள் மீதே வீடமைத்து வாழ்ந்தனர் குர்னா மக்கள். கல்லறைப் பொருள்களைத் தோண்டி விற்பதும் அவர்தம் பிழைப்புகளுள் ஒன்று. அவர்களை வேறிடத்தில் குடியமர்த்த முடிவு செய்த தொல்பொருள் துறை, 1945இல் புதிய ஊரை நிறுவும் பொறுப்பை ஃபத்ஹியிடம் ஒப்படைத்தது. உலகப் போரினால் மரமும் இரும்பும் அரிதாகிவிட்ட காலம் அது. தாங்கு பலகை ஏதுமின்றி, சுடாத மண்கல்லைப் பின்சுவரின் மீது சாய்த்துச் சாய்த்து அடுக்கி வளைகூரை எழுப்பும் நூபியக் கொத்தனார்களை அவர் முன்னரே அஸ்வான் வட்டாரத்தில் கண்டறிந்திருந்தார். அவர்களின் கைத்திறனை அவர் வருணிக்கும் பக்கங்களே நூலின் உயிர்நாடி. பட்டம் பெற்ற ஒருவர், எழுத்தறியாத் தொழிலாளரிடம் பாடம் கேட்டதை வெட்கமின்றி எழுதுகின்றார்.

நம் மரபில் இது புதிதன்று. இப்னு கல்தூன் (ரஹ்) தமது ‘முகத்திமா’வில் கட்டுமானத் தொழிலுக்கெனத் தனிப் பகுதியே வகுத்துள்ளார். இரு பலகைகளுக்கிடையே மண்ணைக் கொட்டி இடித்துச் சுவர் எழுப்பும் முறையையும், சுண்ணாம்பை ஒரு வாரமோ இரு வாரமோ நீரில் ஊறவிட்டு அதன் சூட்டைத் தணிக்கும் முறையையும் அருகே நின்று பார்த்தவர் போல் எழுதுகின்றார். நெரிசல் மிக்க நகரங்களில் அண்டை வீட்டார் சுவருக்கும் வழிக்கும் நீர்ப்போக்குக்கும் வழக்காடுகையில், ஆட்சியாளர்கள் கட்டடத் தொழில் அறிந்தோரிடமே கருத்துக் கேட்பர் என்றும் குறிப்பிடுகின்றார். (கல்மண்டபத்துச் சந்துகளில் வாழ்வோர்க்கு இப்பகுதிக்கு விளக்கவுரை தேவைப்படாது!)

நூபியரின் வளைகூரைக்கு எவ்வகையிலும் தாழாதது நம் ஊரின் ‘மெட்ராஸ் டெரஸ்’ தளம். தேக்கு மரச் சட்டங்களை வரிசையாகப் பரப்பி, வழக்கமான செங்கல்லினும் சிறிய, மெல்லிய கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புக் கலவையில் பதித்துச் செல்வர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்புவர். பெண்கள் வரிசையாக அமர்ந்து அதனை மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டுவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை இடையிடையே தெளிப்பர். தட்டும் கட்டை பதியாமல் துள்ளுமளவு இறுகிய பின்னரே மேலே தட்டோடு பதிப்பர். சுண்ணாம்புக்கும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. எண்ணூர், பழவேற்காட்டுக் கழிகளின் கிளிஞ்சலே சூளையில் வெந்து சுண்ணாம்பாயிற்று. 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இத்தகைய வீடுகள் சில இன்னும் எஞ்சியுள்ளன.

இனி நம் ஐயத்துக்கு வருவோம். வீடென்பது உரிமையாளர், கட்டடக் கலைஞர், கைவினைஞர் ஆகிய மூவரும் கூடி உருவாக்குவது என்பதே ஃபத்ஹியின் அடிப்படைக் கொள்கை. ஒரே வரைபடத்தைப் பல நூறு குடும்பங்களுக்கு நகலெடுத்துத் தருவதை அவர் வெறுத்தார். ஆயினும் குர்னாவில் உரிமையாளர் மனமுவந்து வந்தாரில்லை. ஊர் முழுமை பெறாத நிலையில் 1948இல் வேலை நின்றது; கட்டிய வீடுகளுக்கும் பெரும்பாலோர் குடிபெயரவில்லை. ஃபத்ஹி அதிகாரிகளைச் சாடுகின்றார். கல்லறைக் கொள்ளையில் ஊறியோரையும் சாடுகின்றார். இரண்டும் நியாயமே. பிற்காலத்தில் நிலத்தடி நீரும் உப்பும் சுவர்களை அரித்ததற்கு அவரைக் குறை கூறுவதும் முறையாகாது. அவர் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அழகுற நிற்கின்றது. வீடுகளுள் பலவற்றைக் குடியிருந்தோரே இடித்துக் கான்கிரீட்டில் கட்டிக்கொண்டனர்.

குடும்பங்களைக் கலந்து பேசியதை விவரிக்கும் இடத்தில், பெண்களை அணுக இயலவில்லை, வீடு ஆடவரைவிட அவர்களுக்கே உரிய விஷயமாதலால் இது வருந்தத்தக்கது என்ற கருத்தில் ஃபத்ஹி சுருக்கமாக எழுதிவிட்டு மேலே செல்கின்றார். இதே நூலில்தான் வீட்டைக் குறிக்கும் ‘ஸகன்’ என்னும் சொல் ‘ஸகீனா’ என்னும் அமைதியோடும், ‘ஹரீம்’ என்பது புனிதத்தைக் குறிக்கும் ‘ஹரம்’ என்பதோடும் உறவுடையவை என அழகுற விளக்குகின்றார். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனம் வீட்டை ‘ஸகன்’ எனக் குறிப்பதை அரபி பயின்றோர் அறிவர். சொல்லின் வேர்வரை சென்றவர், அச்சொல்லுக்குரியவளின் வாசல்வரை செல்லவில்லை. பர்தாவைக் காரணம் காட்டுவது நமக்கு ஏற்புடையதன்று. திரைக்கு அப்பாலிருந்து கருத்துக் கேட்க ஷரீஅத்தில் தடையில்லை. ஒரு மூதாட்டியைத் தூதனுப்பியேனும் கேட்டிருக்கலாம். நூலின் பெருங்குறை இதுவே என்பது நம் துணிபு.

இதனைச் சொல்லும் தகுதி நமக்கும் குறைவே. சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுத் தளம் ஒழுகியபோது, ஆடவர் மட்டுமே கூடி, தளத்தின்மேல் சிமெண்ட் பூசவும், முற்றத்தை மூடி அறையாக்கவும் தீர்மானித்தோம். சிமெண்டின்கீழ் சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றி, இரண்டு மழைக்காலத்துக்குள் சட்டங்களின் சுவருக்குள் புதைந்த முனைகள் உளுத்துவிட்டன. கொத்தனார் சொன்னதைச் செய்தார். குற்றம் சொன்ன நம்முடையது. முற்றம் போனதைப் பற்றி நம் தாயார் பல மாதங்கள் வாய் திறக்கவில்லை. பின்னொரு நாள், “முஸ்ஹஃப் ஓத இப்ப பகல்லயே லைட்டு போட வேண்டியிருக்கு வாப்பா” என்றார்கள்.

இப்போது அவ்வீட்டை இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா என்ற பேச்சு குடும்பத்தில் நடக்கின்றது. பொறியாளர் தந்த வரைபடத்தை இம்முறை அடுக்களைக்கே அனுப்பி வைத்தோம். கூடத்தின் நடுவே ஒரு சதுரத்தைப் பென்சிலால் வரைந்து, அதற்குள் எதுவும் எழுதாமல் திருப்பி அனுப்பியுள்ளார்கள்.