குடியும் பொறுப்பும்: ‘சார்பட்டா பரம்பரை’யை முன்வைத்து

குடித்தவனைப் பற்றி நம் சமூகத்தில் இரண்டு தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. ‘அவன் வாயில் யாரும் ஊற்றவில்லை, அவனாகத்தான் குடித்தான்’ என்பது ஒன்று. ‘வறுமையும் வேலையும் கூடாத சேர்க்கையும் அவனைக் குடிக்க வைத்தன’ என்பது மற்றொன்று. முன்னது குடித்தவனை மட்டும் கூண்டில் ஏற்றுகிறது. பின்னது அவனைத் தவிர எல்லோரையும் ஏற்றுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு நேரிய பார்வை உண்டா என்று ஆராய, வடசென்னையைக் களமாகக் கொண்ட ஒரு திரைப்படத்தை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

பா. இரஞ்சித் இயக்கி 2021 ஜூலையில் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’, 1970களின் வடசென்னையில் குத்துச்சண்டைப் பரம்பரைகளுக்கு இடையே நிலவிய போட்டியைப் பற்றியது. படத்தின் நாயகன் கபிலன் ஒரு துறைமுகத் தொழிலாளி. அரங்கன் வாத்தியாரின் மாணவனாகி மேடையேறுகிறான். அவன் வெற்றியை நெருங்கும் வேளையில் எதிர்த்தரப்பினர் மேடையிலேயே அவனை அவமானப்படுத்துகின்றனர். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட, அவசரநிலைக்கால நடவடிக்கையில் வாத்தியார் சிறைப்படுகிறார். கபிலனும் சிறை செல்கிறான். பின்னர்ச் சாராயத் தொழிலில் இறங்கிக் குடிகாரனாகிறான். இறுதியில் மீண்டெழுந்து மேடைக்குத் திரும்புகிறான்.

இக்கதையமைப்பில் கபிலனின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் நிறையவே அடுக்கப்பட்டுள்ளன. மேடையில் நேர்ந்த மானக்கேடு, குருவின் பிரிவு, சிறை, தவறான கூட்டு, வன்முறைக்கு இரையான தந்தையின் நிழல் ஆகிய அனைத்தும் அவனுக்கு வெளியிலிருந்து வந்தவை. அவை பொய்யான காரணங்கள் என்று நாம் கூறவில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையோரத்தில், மூட்டை சுமந்து உடல் நொந்து, அன்றாடக் கூலியை அன்று மாலையே கையில் வாங்கும் மனிதனுக்குக் குடி எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது அப்பகுதியை அறிந்தோருக்குத் தெரியும். உழைப்பவனின் வீழ்ச்சிக்கு அவன் ஒழுக்கக்கேடு ஒன்றே காரணம் எனப் பேசிய பழைய படங்களிலிருந்து இரஞ்சித்தின் படம் விலகி நிற்பது பாராட்டுக்குரியது.

ஆனால் படம் எழுப்பத் தவறிய வினா ஒன்று உண்டு. கபிலன் குடித்தவன் மட்டும் அல்லன். சாராயத் தொழிலில் கைவைத்தவனும் அவனே. அந்தச் சாராயத்தைக் குடித்தவர்கள் யார்? அதே சந்துகளில் வாழ்ந்த, அதே துறைமுகத்தில் சுமை தூக்கிய மனிதர்கள்தாமே? அவர்களுக்கு எந்த மேடையும் இல்லை. மீட்டெடுக்கப் பயிற்சியாளரும் இல்லை. அவர்களுடைய வீடுகளுக்கு ‘வெளித்தூண்டுதல்’ ஆக வந்து நின்றவன் கபிலன். படம் அவனது குடிக்கு வருந்துகிறது, அவனது விற்பனைக்குக் கணக்குக் கேட்கவில்லை. தனக்கு இழைக்கப்பட்டதை மட்டும் எண்ணிப் பார்ப்பவன், தான் பிறருக்கு இழைத்ததை மறந்துவிடுகிறான். படமும் அவனுடன் சேர்ந்து மறந்துவிடுகிறது.

இவ்விடத்தில் நம் மரபு தரும் வெளிச்சம் பயனுடையது. திருக்குறளின் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரம் குடிப்பவனையே நோக்கிப் பேசுகிறது. விற்பவனைப் பற்றி அங்குத் தனிப்பேச்சு இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழ்பெற்ற நபிமொழி ஒன்றோ, மதுவின் தொடர்பில் பத்துத் தரப்பினரைக் கண்டிக்கிறது. பிழிபவர், சுமப்பவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், விலையை உண்பவர் எனச் செல்லும் அவ்வரிசையில் குடிப்பவர் ஒருவர். இங்கு நாம் கவனிக்க வேண்டியது, பொறுப்பு பத்தாகப் பங்கிடப்படவில்லை என்பதாகும். விற்பவன் குற்றவாளி என்பதால் குடித்தவனின் சுமை குறைவதில்லை. குடித்தவன் குற்றவாளி என்பதால் விற்றவன் தப்புவதுமில்லை. ஒவ்வொருவர் தலையிலும் முழுச்சுமை இருக்கிறது.

இதே நுட்பம் சட்டத்திலும் காணப்படுகிறது. தானாக விரும்பிக் குடித்து மதியிழந்தவன் கூறும் தலாக் செல்லும் என்பது ஹனஃபி மத்ஹபில் பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. கட்டாயத்தின் பேரில் குடிப்பிக்கப்பட்டவனுக்கு அது பொருந்தாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகளும், 2024 ஜூலை 1 முதல் அவற்றின் இடத்தில் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 24ஆம் பிரிவுகளும், ஒருவனுக்குத் தெரியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டதா என்றே வினவுகின்றன. தூண்டுதல் வேறு, கட்டாயம் வேறு. நண்பன் நீட்டிய குவளை தூண்டுதல். அதைக் கட்டாயம் என்று எந்த நீதிமன்றமும் ஏற்பதில்லை.

எனினும் தூண்டுபவன் அரசாக இருக்கும்போது இந்த வேறுபாடு எளிதாக இருப்பதில்லை. படம் காட்டும் காலம் மதுவிலக்குக் காலம். 1971இல் மதுவிலக்கைத் தளர்த்திய அரசே 1974க்குள் அதை மீண்டும் கொண்டுவந்திருந்தது. ஆகவே கபிலனின் சாராயம் கள்ளச்சாராயம். இன்றைய கபிலனுக்கு ஒளிந்து காய்ச்ச வேண்டிய தேவையில்லை. 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023-24ஆம் நிதியாண்டில் மதுவின் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. விலையை உண்பவர் என்ற அந்தத் தரப்பில் இன்று நாம் அனைவருமே, நம் சாலைகளும் பள்ளிகளும் உட்பட, அமர்ந்திருக்கிறோம் என்பது கசப்பான உண்மை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியாயினர். இறந்தோரின் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டபோது, ‘விரும்பிக் குடித்துச் செத்தவனுக்கு மக்கள் பணமா?’ என்று கேட்டோர் பலர். அவர்கள் விரும்பியது சாராயத்தை. அதில் கலந்திருந்த நஞ்சை அல்ல. மேலும், பணம் போய்ச் சேர்வது குடிக்காத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களும் கபிலனின் கதையைப் போலவே பொறுப்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு மற்ற இடங்களை மறந்தவர்கள்.

படத்தின் இறுதிப் பகுதியை நாம் மதிக்கிறோம். மகன் குத்துச்சண்டைக்குப் போகக் கூடாதென்று அஞ்சிய தாய் பாக்கியமே அவனை மீண்டும் எழச் சொல்கிறாள். கடற்கரையில் வாழும் முதிய வீரர் பீடி ராயப்பன் அவனுக்குப் பயிற்சி தருகிறார். வெளியிலிருந்து வரும் தூண்டுதல் மனிதனைக் கெடுக்க மட்டுமே வருவதில்லை என்று இக்காட்சிகள் உணர்த்துகின்றன. அதே சமயம், மணலில் ஓடும் கால்கள் கபிலனுடையவை. அவனுக்காக வேறொருவர் ஓடிவிட முடியாது. வீழ்ச்சியில் பிறருக்குப் பங்குண்டு என்று சொல்லும் படம், எழுச்சியில் தனிமனித முயற்சியைத் தயங்காமல் ஏற்கிறது. எழும்போது உள்ள விருப்பம் விழும்போது மட்டும் இல்லாமற்போகுமா? வெற்றிக்குரியவன் அவனே என்றால், வீழ்ச்சிக்கும் அவனே ஒரு பொறுப்பாளி. அதனை ஒப்புக்கொள்வது அவனை இழிவுபடுத்துவதாகாது. மாறாக அவனை முழு மனிதனாக மதிப்பதாகும்.

கபிலன் வென்றபின் படம் முடிந்துவிடுகிறது. அவனிடம் சாராயம் வாங்கிக் குடித்தவர்களுள் ஒருவர் வீட்டுக் கதவையாவது அவன் தட்டியிருந்தால், இப்படம் இன்னும் உயர்ந்திருக்கும் என்பதே நமது கருத்து. தவ்பா என்னும் மீளுதலில், பறித்ததை உரியவரிடம் திருப்பித் தருவதும் அடங்கும் என்று நம் அறிஞர்கள் கூறுவர். மேடையில் உயர்த்தப்படும் கை அந்தக் கடனைத் தீர்ப்பதில்லை.