வரப்பும் கரையும்

நிகண்டுகளைச் சிறுவர்கள் மறுபடியும் மனனம் செய்ய வேண்டும் என்றும், அந்தப் பழக்கத்தைக் கைவிட்டதனாலேயே இக்காலத்து உரைநடை சொல்வறுமையால் வாடுகிறதென்றும் அபிமானிகள் சிலர் மேடைதோறும் வாதாடி வருகிறார்கள். திவாகரமும் பிங்கலமும் இல்லையேல் எத்தனையோ பழஞ்சொற்கள் நம் கைக்கு எட்டாமலே போயிருக்கும் என்பதையும், மண்டல புருடர் விருத்தத்தில் அமைத்த சூடாமணி நாவில் எளிதாகத் தங்கும் என்பதையும், எதுகை தேடும் கவிஞனுக்கு அது கற்பகத் தரு என்பதையும் தடையின்றி ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் நெடுநாளாக என் மனத்தை உறுத்தும் குறை ஒன்று உண்டு. ஒரு பொருளுக்குப் பல பெயர் என்று சொற்களை ஒரே பந்தியில் உட்காரவைக்கும் அந்த முறை, அவற்றுக்குள் இருக்கும் பேதத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

பொருள்களைப் பிரித்துக் காட்டும் சொற்களையே எடுத்துக்கொள்வோம். வரப்பும் மண், ஏரிக்கரையும் மண். இரண்டும் நீரைத் தடுப்பவை. ஆனால் வரப்பு, இருபுறமும் வயலே ஆக, இது என் நிலம், அது உன் நிலம் என்று பிரித்துவிட்டுத் தான் இருவருக்கும் பொதுவாய்க் கிடப்பது. (பக்கத்து வயற்காரன் ஆண்டுதோறும் மண்வெட்டியால் அதைச் சிறிது சிறிதாகச் செதுக்கிக்கொள்ள இடம் உண்டாவதும் இதனால்தான்.) கரையோ ஒருபுறம் நீரும் மறுபுறம் நிலமுமாக, இனமே வேறான இரண்டுக்கு நடுவில் நிற்பது, ஆகவேதான் துன்பத்திலிருந்து தப்பியவனைக் கரையேறினான் என்கிறோமேயன்றி, வரப்பேறினான் என்பதில்லை. பாத்திரத்தின் விளிம்பு பாத்திரத்தைச் சேர்ந்ததே. எல்லையோ எதையும் சேர்ந்ததன்று, அதற்கு அகலமும் இல்லை. ஓரத்துக்கு ஒருவன் கடை விரிக்கும் அளவுக்கு அகலம் உண்டு. தறுவாய் காலத்துக்கன்றி இடத்துக்கு வாராது. வரம்போ, வடமொழியில் எல்லையைக் குறித்த மர்யாதா நம்மிடம் மரியாதையாக மாறியதைப் போல, வயலை விட்டு வெளியேறி ஒழுக்கத்தில் குடிபுகுந்துவிட்டது.

இவற்றில் ஒன்றையும் நிகண்டு சொல்வதில்லை. செய்யுளின் தளையை அறுத்துச் சொற்களை அகரவரிசைக்குக் கொண்டுவந்த வீரமாமுனிவரும், 1732-இல் இயற்றிய சதுரகராதியின் பொருளகராதியில், பெயர்களைத் திரட்டித் தந்தாரேயன்றிப் பிரித்துத் தந்தாரில்லை.

செய்யுளில் இதற்கெல்லாம் இடம் ஏது என்று சிலர் கேட்கக்கூடும். தொல்காப்பிய மரபியல் செய்யுள்தானே? பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று முதலாக ஒன்பது இளமைப் பெயர்களை எடுத்து, இன்ன பெயர் இன்ன உயிருக்கு உரியது என்று அது பங்கிட்டுக் கொடுக்கவில்லையா? ஓர் உயிருக்கு இரண்டு மூன்று பெயர்களை அதுவும் அனுமதிக்கிறது என்பது மெய்யே. ஆனால் அனுமதிக்கும்போது அதைச் சொல்லிவிட்டே அனுமதிக்கிறது.

முன்பொருமுறை ஒரு மாணவன், ஏரியின் வரம்பில் நின்று சூரியாஸ்தமனத்தைக் கண்டு களித்ததாகக் கட்டுரை எழுதியிருந்தான். சிவப்பு மையால் சுழித்தேன். மறுநாள் அவன், எல்லை, வரம்பு, கரை, விளிம்பு என்று ஒரே வரியில் அடுக்கியிருந்த கையேடு ஒன்றைக் கொண்டுவந்து பணிவோடு என்முன் வைத்தான். அதைத் தொகுத்தவர் நிகண்டை ஒருமுறையேனும் புரட்டிப் பாராதவராகவே இருக்கலாம். இருந்தாலும் அந்தப் பழியையும் நான் நிகண்டின் மேலேயே போடுகிறேன்.