கொன்ற யூதர்: ஒரு பெயரெச்சமும் ஒரு காற்புள்ளியும்

நம் அருளுரைகளில் பல ஆங்கில விளக்கவுரைகளின் துணைகொண்டே உருவாகின்றன. அதில் தவறொன்றுமில்லை. ஆனால் 'ஹூ', 'விச்', 'தட்' என்னும் சொற்களால் தொடங்கும் ஆங்கிலச் சார்புத் தொடர்களைத் தமிழாக்கும்போது, நம்மில் பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் அவற்றைப் பெயரெச்சமாக்கிப் பெயருக்கு முன்னே நிறுத்திவிடுகிறோம். பள்ளியில் அவ்வாறே கற்றோம். இப்பழக்கம் 1 தெசலோனிக்கேயர் 2:14,15 வசனங்களில் நம்மை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதை இங்கு ஆராய விரும்புகிறோம்.

முதலில் ஓர் எளிய வாக்கியம். 'மழையில் திராட்சையை இழந்த கம்பம் விவசாயிகள் தேனிக்குச் சென்று மனுக் கொடுத்தனர்.' விவசாயிகள் அனைவரும் இழந்தனரா, அல்லது இழந்தவர்கள் மட்டும் சென்றனரா? வாக்கியம் இரண்டுக்கும் இடங்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இதைத் தெளிவுபடுத்தியே ஆகவேண்டும். 'ஹூ' என்பதற்கு முன் காற்புள்ளி இல்லையெனில் இழந்தவர்கள் மட்டுமே குறிக்கப்படுகின்றனர். காற்புள்ளி இருப்பின் அனைவரும் இழந்தவர்கள், அனைவரும் மனுக் கொடுத்தவர்கள். முன்னதை வரையறுக்கும் தொடர் என்றும் பின்னதை விரித்துரைக்கும் தொடர் என்றும் கூறலாம். 'தட்' முன்னதற்கே உரியது. காற்புள்ளிக்குப் பின் அதை வைப்பது வழுவாகவே கருதப்படும்.

பெயரெச்சம் வினைமுதல், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறனுள் ஒன்றைக் கொண்டு முடியும் என்று நன்னூலார் வகுத்தார். பெயருக்கும் வினைக்குமுள்ள உறவை அவர் நுட்பமாகவே கண்டார். ஆயின் அப்பெயர்க்குரியோர் அனைவரையுமா, சிலரையா அது தழுவுகிறது என்பது பெயரெச்சத்தின் வடிவில் இல்லை. இது தமிழின் குறையன்று. பேச்சில் குரலின் அழுத்தமும் சூழலும் அதைக் காட்டிவிடும். ஏட்டில் அவ்வுதவி இல்லை.

இனி வசனத்துக்கு வருவோம். யூதேயாவிலுள்ள சபைகள் யூதரால் துன்புற்றதுபோல, தெசலோனிக்கேயரும் தம் சொந்த மக்களால் துன்புற்றனர் என்கிறார் பவுல். கிரேக்க மூலத்தில் 'யூதர்' என்னும் பெயரைத் தொடர்ந்து, ஆண்டவரைக் கொன்றதைக் கூறும் எச்சவினை ஆர்ட்டிக்கிளோடு வருகிறது. ஆங்கில வேதாகமங்கள் பலவற்றில் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு காற்புள்ளி நிற்கிறது. அதன் விளைவாக, யூதர் என்னும் இனமே ஆண்டவரைக் கொன்ற இனமாகிவிடுகிறது. ஃப்ராங்க் கில்லியார்ட் என்னும் அறிஞர் 1989இல் இதனை 'யூதப்பகைமைக் காற்புள்ளி' என்றே பெயரிட்டு, அது நீக்கப்படவேண்டும் என வாதிட்டார். நீக்கினால், கொலைக்கு உடந்தையாயிருந்த யூதர் மட்டுமே பேசப்படுவர். நாமும் இதையே ஏற்கிறோம். துன்புற்ற யூதேயச் சபையாரும் யூதரே. எழுதிய பவுலும் யூதரே. இப்பகுதி பவுலுடையதன்று, பின்னர்ச் செருகப்பட்டது என்று பிர்கர் பியர்சன் 1971இல் கூறியதும் உண்டு. அவ்வழக்கில் நாம் புகவில்லை. எழுதியவர் யாராயினும் சபையில் வாசிக்கப்படுவது இவ்வாக்கியமே.

1871இல் முழுமையாக வெளிவந்த, பவர் ஐயர் தலைமையில் அமைந்த மொழிபெயர்ப்பு இங்கே பெயரெச்சத்தை நாடவில்லை. 15ஆம் வசனத்தைப் புதிதாகத் தொடங்கி, யூதரைச் சுட்டுச்சொல்லோடு எழுவாயாக்குகிறது. அந்தச் சுட்டை அழுத்தி வாசிப்பின் 'இன்ன யூதர்' என்னும் வரையறை ஓரளவு கேட்கும். ஆயினும் நம் ஆலயங்களில் அழுத்தம் பெறுவது பெரும்பாலும் இனப்பெயரே. எனினும் மொழிபெயர்ப்பைவிட நம் பிரசங்கங்களே மிகுந்த குறைக்குரியவை. பெரிய வெள்ளிக்கிழமைதோறும் 'கிறிஸ்துவைக் கொன்ற யூதர்' என்று கூறுகிறோம். அங்கே பெயரெச்சம் அடைமொழியாகவே இறுகிப்போயிற்று.

யூதரை நேரில் கண்டறியாத நம் சபைகளில் இதனால் என்ன கேடு என்று கேட்கலாம். தேனி வட்டாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் ஊழியம் செய்வோர் அவ்வாறு கேட்க இயலாது. அதே 1871இல்தான் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த அச்சட்டம், 1914 முதல் பிரமலைக் கள்ளர் மீது பாய்ந்தது. இப்பள்ளத்தாக்கின் ஊர்களும் அதற்குத் தப்பவில்லை. மக்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றனர்; கைரேகை பதிந்த ஆடவர் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்கவேண்டியிருந்தது. இதன் எதிர்ப்பில் 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது 1947இல்.

அச்சட்டத்தை இலக்கணக் கண்கொண்டு நோக்கின், 'குற்றம் செய்யும் சாதியார்' என்பதில் வரையறுக்கும் தொடர் விரித்துரைக்கும் தொடராக்கப்பட்டது விளங்கும். குற்றம் செய்த சிலர் என்பது போய், பிறந்த குழந்தையும் குற்றவாளி என்றாயிற்று. கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் பயின்றவரின் பேரன் இன்று நம் பீடத்துக்கு எதிரே அமர்ந்து, ஓர் இனம் முழுவதையும் கொலைகாரராக்கும் அருளுரையைக் கேட்கக்கூடும். அவர் காதில் அது எவ்வாறு விழும்?

இவ்வசனத்தை எவ்வாறு மொழிபெயர்ப்பது? நாம் முன்வைப்பது இது: 'யூதருள் எவர் ஆண்டவராகிய இயேசுவைக் கொன்றனரோ, அவர் கையிலேயே யூதேயச் சபைகள் துன்புற்றன.' 'எவர்… அவர்' என்னும் அமைப்பை 'பாதிரித் தமிழ்' என்று நாமே நகைத்ததுண்டு. எனினும் எவரைக் குறிக்கிறோம் என்பதை ஐயமின்றி வரையறுக்க அதுவே ஏற்றதாயிருக்கிறது. இதனால் 16ஆம் வசனத்தின் கடுமை நீங்கிவிடாது. கோபத்தைப் பற்றிய அச்சொற்கள் தனிக் கட்டுரைக்குரியவை. மேலும் இவ்வாக்கியம் பழைய வாசகத்தைப்போல் நாவில் எளிதாய் ஓடாது. வாசிப்பவர் 'கொன்றனரோ' என்னுமிடத்தில் மூச்சை முடித்துவிடாமல் 'அவர் கையிலேயே' என்பதுவரை தொடர்ந்து செல்லவேண்டும். ஞாயிறு காலையில் வாசிக்கவிருப்பவரை அழைத்து ஒருமுறை பழக்கிவைப்பது நன்று.