குரூசோ உண்மையிலேயே தனியாக இருந்தானா?

ஆளில்லாத தீவில் 28 ஆண்டுகள் வாழ்ந்த ராபின்சன் குரூசோவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளியில் துணைப்பாடமாகவோ, நூலகத்தில் சுருக்கப் பதிப்பாகவோ நம்மில் பலர் அதைப் படித்திருக்கிறோம். டேனியல் டீஃபோ என்ற ஆங்கில எழுத்தாளர் 1719ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல் அது. அதன் இலக்கிய நயத்தைப் பற்றி எழுதியோர் பலர். நாம் இங்கே வேறொரு கோணத்தில் அதை ஆராய்வோம். மனித இயல்பைப் பற்றி அந்த நூல் சொல்லும் செய்தி விஞ்ஞானத்தின் உரைகல்லில் தேறுமா?

அந்தச் செய்தி என்ன? மனிதன் தன்னளவில் முழுமையானவன். அறிவும் உழைப்பும் இறைநம்பிக்கையும் இருந்தால், துணை இல்லாமலே அவன் நிறைவாக வாழ்வான். எங்கே கொண்டுபோய் விட்டாலும் அவன் இயல்பு மாறாது என்பதே. இந்தச் செய்தி பலரைக் கவர்ந்தது. சிந்தனையாளர் ரூசோ 1762இல் எழுதிய கல்வி நூலில், தம் மாணவன் முதன்முதலில் படிக்க வேண்டிய புத்தகம் இதுவே என்றார்.

தீவுக்கு வந்த மூட்டைகள்

குரூசோ வெறுங்கையோடு வாழத் தொடங்கவில்லை. உடைந்த கப்பலிலிருந்து அவன் என்னென்ன எடுத்து வந்தான் என்று கணக்கிட்டுப் பாருங்கள். தச்சுக் கருவிகள், துப்பாக்கிகள், வெடிமருந்து, துணிமணி, பேனா, மை, காகிதம், பைபிள்! இவை ஒவ்வொன்றின் பின்னும் எத்தனை கைகள்! கோடரியின் இரும்பை யாரோ உருக்கினார்கள். துணியை யாரோ நெய்தார்கள். எழுத்தை யாரோ அவனுக்குக் கற்பித்தார்கள். தூணில் கத்தியால் கீறி அவன் நாள்களை எண்ணுகிறானே, அந்த நாட்காட்டியும் சமுதாயம் தந்ததுதான். தீவில் இறங்கியது ஒருவன். ஆனால் அவனோடு ஒரு நாடே இறங்கியது.

அதன் பிறகும் அவனால் துணையின்றி இருக்க முடிந்ததா? நாயை வளர்க்கிறான். கிளிக்குத் தன் பெயரைச் சொல்லப் பழக்குகிறான். சாப்பிட உட்காரும்போது கிளி, நாய், பூனைகள் ஆகியவற்றைக் குடிமக்களாகவும் தன்னை அரசனாகவும் எண்ணிக்கொள்கிறான். தனிமையில் நிறைவு காண்பவனுக்குத் தன் பெயரைக் கூப்பிட ஒரு கிளி எதற்கு? டீஃபோவின் கற்பனை அவருடைய கொள்கையைவிட நேர்மையாக இருந்திருக்கிறது.

உண்மையில் நடந்தது

குரூசோவின் கதைக்குத் தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்று பலர் கருதும் மனிதர் ஒருவர் உண்டு. அவர் அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமி. 1704இல் தம் கப்பல் பழுதானது என்று கப்பல் தலைவரோடு சண்டையிட்டு, பசிபிக் கடலில் சிலி நாட்டுக்கு மேற்கே உள்ள ஹுவான் பெர்னாண்டஸ் தீவு ஒன்றில் இறங்கிவிட்டார். கடைசி நேரத்தில் மனம் மாறித் திரும்ப முயன்றபோது கப்பல் தலைவர் ஏற்கவில்லை. 4 ஆண்டு 4 மாதம் அவர் அங்கே தனித்திருந்தார். 1709இல் உட்ஸ் ரோஜர்ஸ் என்பவரின் கப்பல் அவரை மீட்டது. அந்தத் தீவுக்கு 1966இல் சிலி அரசு ராபின்சன் குரூசோவின் பெயரையே சூட்டியது.

ரோஜர்ஸ் எழுதி வைத்திருப்பதைக் கவனியுங்கள். முதல் எட்டு மாதங்கள் செல்கிர்க் பெருந்துயரோடு போராடினார். பிறகு பூனைகளையும் ஆட்டுக்குட்டிகளையும் பழக்கி, அவற்றோடு பாடி ஆடினார். மீட்கப்பட்டபோது அவருடைய பேச்சு அரைகுறையாக இருந்தது. பழக்கம் விட்டுப்போனதால் சொற்கள் பாதிப் பாதியாகவே வந்தன.

நாலே கால் ஆண்டில் இந்த நிலை! நாவலில் குரூசோ ஏறத்தாழ 25 ஆண்டுகள் மனிதக் குரலே கேளாமல் இருக்கிறான். பிறகு ஃப்ரைடே என்ற இளைஞன் கிடைத்ததும், நேற்றுவரை ஊர்ச் சந்தையில் பேசிக்கொண்டிருந்தவன் போல அவனுக்கு மொழி கற்பிக்கத் தொடங்குகிறான். முதலில் கற்றுக்கொடுக்கும் சொற்களில் ஒன்று 'எஜமான்' என்பது! மொழியும் அதிகார ஆசையும் கால் நூற்றாண்டுத் தனிமையில் துருப்பிடிக்கவே இல்லையாம். இயல்பு மாறாது என்ற கொள்கைக்காக டீஃபோ உண்மையைப் பலியிட்ட இடம் இது.

மற்றோர் இடத்தில் அவரைப் பாராட்ட வேண்டும். மணலில் ஒற்றைக் காலடித் தடத்தைக் கண்டதும் குரூசோ மகிழவில்லை, நடுங்குகிறான். துணைக்கு ஏங்கியவன் துணையின் அடையாளம் கண்டு அஞ்சுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் நீண்ட தனிமையில் வாடுவோர் பிறரை ஆபத்தாகப் பார்க்கத் தொடங்குவதை இன்றைய உளவியல் ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

ஒரு நியாயமான மறுப்பு

"செல்கிர்க் பின்னாளில் தீவு வாழ்க்கையை நினைத்து ஏங்கினாரே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அவரைச் சந்தித்த ரிச்சர்டு ஸ்டீல் என்ற எழுத்தாளர் 1713இல் அவ்வாறு எழுதியிருக்கிறார். காசில்லாமல் இருந்த நாள்களே இன்பமானவை என்று செல்கிர்க் சொன்னாராம். ஆனால் அதே கட்டுரை, அந்த அமைதி வருவதற்குப் பதினெட்டு மாதங்கள் ஆயின என்றும், அதற்கு முன் அவர் தம்மைத்தாமே மாய்த்துக்கொள்ளும் எல்லை வரை போனார் என்றும் கூறுகிறது. ஊர் திரும்பிச் சில மாதங்கள் மக்களோடு பழகியதும் அவர் முகமே மாறிவிட்டது. தெருவில் பேச வந்தவரை ஸ்டீலால் அடையாளம் காண முடியவில்லை.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. வளர்ந்த மனிதன் தனிமைக்குப் பழகலாம். அதில் அமைதியும் காணலாம். ஆனால் அவன் செலவழிப்பது முன்பே சேர்த்து வைத்த பணத்தை. தாய் தந்த பேச்சு, ஊர் தந்த நம்பிக்கை, தொழில் தந்த திறமை ஆகியவையே அந்தச் சேமிப்பு. இரண்டாவதாக, அவன் இயல்பு கல்லில் வெட்டியதன்று. தீவு ஒரு விதமாக மாற்றியது. ஊர் மறுபடியும் மாற்றியது.

சேமிப்பே இல்லாவிட்டால்?

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலார் குரங்குகளை வைத்து இதைச் சோதித்தார். பிறந்தது முதல் ஆறு மாதமோ ஓராண்டோ தனியே அடைக்கப்பட்ட குட்டிகளுக்கு உணவுக்குக் குறைவில்லை. ஆயினும் அவை தம்மைத்தாமே கட்டிக்கொண்டு ஆடின; தம்மையே கடித்துக்கொண்டன; பிற குட்டிகளோடு விளையாடத் தெரியாமல் ஒடுங்கின. இச்சோதனைகளின் கொடுமை இன்று கண்டிக்கப்படுகிறது. அது நியாயமே.

ஆனால் 1972இல் அவரும் ஸ்டீபன் சுவோமியும் வெளியிட்ட முடிவு நம்பிக்கை ஊட்டியது. ஆறு மாதம் அடைபட்டிருந்த குட்டிகளோடு, அவற்றைவிட இளைய, மூன்று மாதக் குட்டிகளைப் பழக விட்டார்கள். இளங்குட்டிகள் வந்து ஒட்டிக்கொண்டன. சில மாதங்களில் ஒடுங்கிக் கிடந்தவை பெரும்பாலும் தேறின.

மனிதரிடமும் ஒரு சோதனை நடந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 40 பேர் ஒரு நாள் பத்து மணி நேரம் தனித்திருந்தார்கள். வேறொரு நாள் பத்து மணி நேரம் பட்டினி இருந்தார்கள். 2020இல் முடிவு வெளியாயிற்று. பசித்தவருக்கு உணவுப் படத்தைக் கண்டதும் நடுமூளையில் கிளர்ச்சி கொண்ட அதே பகுதி, தனித்திருந்தவருக்கு மக்கள் கூடிப் பழகும் படங்களைக் கண்டதும் கிளர்ச்சி கொண்டது. துணைக்கான ஏக்கமும் ஒருவகைப் பசியே என்பதற்கு இது சான்று.

கதையோடு முடியவில்லை

கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்று கேட்பீர்களானால், பிலடெல்பியா நகரைப் பாருங்கள். 1829இல் அங்கே ஒரு சிறைச்சாலை திறக்கப்பட்டது. ஒவ்வொரு கைதிக்கும் தனி அறை, செய்வதற்கு ஒரு தொழில், படிக்க ஒரு பைபிள். அறையை விட்டு வெளியே அழைத்துச் செல்லும்போது முகத்துக்கு மூடி. தனிமையில் உழைத்துத் தியானித்தால் மனிதன் திருந்துவான் என்று நல்லெண்ணம் கொண்டோர் நம்பினார்கள். குரூசோ தன் தீவில் திருந்திய விதமும் இதுவே அல்லவா? 1842இல் அதைப் பார்வையிட்ட நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதைவிட இது கொடியது என்று கண்டித்தார். ஆயினும் 1913இல்தான் அந்த முறை அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டது. தொடர்ந்து 15 நாள்களுக்கு மேல் தனிமைச் சிறை கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை விதிகள் வகுத்தது 2015இல்! மனிதன் தன்னளவில் முழுமையானவன் என்ற தவறான கருத்துக்கு எத்தனை பேர் தங்கள் மனநலத்தை விலையாகக் கொடுத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, டீஃபோவின் நூலைப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவசியம் படியுங்கள். விடாமுயற்சிக்கு அது நல்ல பாடம். ஒரு மணி நேரம் தனித்திருந்து படிக்கவும் சிந்திக்கவும் பழகுவது மாணவர்க்குத் தேவையான பயிற்சியும்கூட. ஆனால், "யாருடைய துணையும் எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கும் நண்பனைக் கண்டு "அது அவன் சுபாவம்" என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். மூன்று மாதக் குரங்குக் குட்டி செய்ததும் அவ்வளவுதான்.