பெயர் நெய்த பாய்

வாஞ்சி மணியாச்சி சந்திப்பில் தூத்துக்குடி வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் ஒரு கல்யாணக் கூட்டம். சீர்ச் சாமான்களுக்கு நடுவே, பழைய வேட்டியில் சுற்றிய நீளமான சுருட்டு ஒன்று. "கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க மதினி" என்று யாரோ கேட்க, அந்த அம்மா ஒரு முழம் பிரித்தார். கோரைதான், ஆனால் பட்டுக்கரை போல மினுங்கியது. ஓரத்தில் பெண், மாப்பிள்ளை பெயர், முகூர்த்தத் தேதி. பத்தமடைப் பாய்.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர் பத்தமடை. தாமிரபரணித் தண்ணீர் இல்லாமல் இந்த வேலை இல்லை. பச்சையாக அறுத்த கோரையை வெயிலில் காயப்போட்டு, பிறகு ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறி உப்பியதை மறுபடி காயவைத்து, கீறி, இன்னும் கீறி, மயிரிழைக்குப் பக்கம் கொண்டுவருகிறார்கள். பாயின் தரம் தறிக்கு வரும் முன்பே இந்தக் கீறலில் தீர்மானமாகிவிடும். பாவுக்குப் பருத்தி நூல், ஊடைக்குக் கோரை. லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் தொழில் இது. பெரும்பாலும் பெண்கள் கைவேலை. இந்து வீட்டுக் கல்யாணச் சீரில் அது பாட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முன்பு சிவப்புக்குச் சப்பங்கட்டைச் சாயம். இப்போது கடைச்சாயம். கண்ணைக் குத்தும் ரோஸும் பச்சையும் எனக்கு ஒட்டவில்லை. கோரையின் சொந்த நிறமும் இரண்டு சிவப்புக் கரையும் போதும்.

இந்தச் சீர்ப் பாயைப் பார்த்ததும் வேறொரு அன்பளிப்புத் துணி நினைவுக்கு வந்தது. எடோ காலத்து ஜப்பானில் ஃபுகுசா என்றொரு பட்டுத்துணி புழங்கியது. அன்பளிப்பை அரக்குத் தட்டில் வைத்து அதன்மேல் போர்த்துவார்கள். கொக்கு, ஆமை, பைன் மரம் எனச் சுபச் சின்னங்கள் தங்க இழையில் தைத்திருக்கும். உள்பக்கம் பெரும்பாலும் குலச்சின்னம். மூலைக்கொரு குஞ்சம். பொருளை எடுத்துக்கொண்டவர் துணியை ரசித்துவிட்டுத் தட்டோடு திருப்பி அனுப்புவதே வழக்கம். நம் ஊரில் சீர்த்தட்டைத் திறந்தபடிதான் தெருவில் ஏந்திப் போவோம். நாலு பேர் பார்க்க வேண்டாமா?

ஃபுகுசாவில் இருப்பது கொடுத்தவர் வீட்டு அடையாளம்; பாயில் இருப்பது வாங்குகிறவர்களின் பெயர். பாயைத் திருப்பி அனுப்பவும் முடியாது, வேறு கல்யாணத்துக்குத் தள்ளிவிடவும் முடியாது.

இன்னொரு வித்தியாசம் கையைச் சேர்ந்தது. தையல் ஊசி நினைத்த பக்கம் வளையும். கொக்கின் கழுத்து அதற்குச் சிரமமே இல்லை. தறிக்கு நெடுக்கும் குறுக்கும்தான் தெரியும். ட, ப எழுதுவது சுலபம். நம் எழுத்தில் பாதி சுழி. பெண்ணின் பெயரில் ஒரு 'ண' இருந்தது. மூன்று சுழியையும் படிப்படியாக ஏற்றி இறக்கியிருந்தாள் நெய்தவள். கிட்டே பார்த்தால் படிக்கட்டு. மதினி சுருட்டப் போனபோது இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். மூன்றும் உருண்டையாகவே தெரிந்தன.