திரையிற் கண்ட காளி

கீழைத்தேய மக்களை மேனாட்டுத் திரைப்படங்கள் எங்ஙனம் சித்திரிக்கின்றன என்பதை ஆராய்வோர்க்கு, 1984 ஆம் ஆண்டில் வெளிவந்த 'இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' தக்கதோர் எடுத்துக்காட்டாகும். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் நெறிப்படுத்திய இப்படத்தின் கதை 1935 இல் இந்தியாவில் நிகழ்வது. கதை தம் நாட்டை இழிவுபடுத்துகின்றதெனக் கண்ட இந்திய அரசினர் திருத்தங்களை வேண்டினர். அதற்கிணங்காத படக்குழுவினர் 1983 இல் இலங்கைக்கு வந்து, கண்டிப் பகுதியிற் கிராமக் காட்சிகளைப் படமாக்கினர்.

அரண்மனை விருந்திலே பாம்பும் வண்டும் குரங்கின் மூளையும் பரிமாறப்படுவதையே கண்டித்தோர் பலர். அது கண்டிக்கத்தக்கதே. எனினும், அதனினும் கொடியது காளி வழிபாடு காட்டப்பட்ட முறையாகும். அம்ரிஷ் பூரி ஏற்று நடித்த பூசகன், தேவியின் பெயரைக் கூவியவாறே உயிருள்ள மனிதனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பறிக்கின்றான். இவனைத் தலைவனாகக் கொண்டோர் தக்கர் எனப்படுகின்றனர். தக்கரோ வழிப்போக்கரைத் துணியினாற் கழுத்து நெரித்துக் கொன்றவரென்றே ஆங்கிலேய அதிகாரிகளும் எழுதினர்; அவ்வெழுத்துக்களையே இன்று வரலாற்றாசிரியர் சிலர் ஐயுறுகின்றனர். அக்கூட்டத்தார் ஸ்லீமன் என்பாரின் முயற்சியால் 1830களில் அடக்கப்பட்டவர். நூறாண்டு கழித்து அவர்களை உயிர்ப்பித்து, இராமகிருஷ்ணர் தாயே எனக் கதறியழைத்த தேவியைக் குருதிவெறியின் வடிவாக்கிவிட்டது இப்படம்.

கிராமத்தார் இழந்த சிவலிங்கக் கல்லைக் கதாநாயகன் மீட்டுக் கொடுக்கின்றானே, இதில் சமயப் பழிப்பு ஏது என வினவுவாருமுளர். சிவனை நன்மைக்கும் சக்தியைத் தீமைக்குமாகக் கூறுபடுத்துதல் சைவம் அறியாத கொள்கை. அம்மையைப் பழித்து அப்பனைப் போற்றுவது எவ்வகைப் போற்றுதலோ! கல்லை மீட்பவனும் ஓர் அமெரிக்கன். இறுதியில் துணைக்கு வருவதும் பிரித்தானியரின் படையே. ஊரவர் அழுவதும் வணங்குவதுமன்றித் தாமாக யாதொன்றும் செய்திலர்.

இன்னுமொன்று. இந்தியக் கிராமத்தாராகத் தோன்றுவோர் பேசுவது சிங்களம். அவ்வூர்ப் பெரியவராக வருபவர் இலங்கையின் தேர்ந்த நடிகர் டீ. ஆர். நாணயக்கார. ஆங்கிலம் அறியாத அவர், ஸ்பீல்பேர்க் சொல்லச்சொல்ல வசனங்களைத் திருப்பிக் கூறி நடித்தார். கேட்போர்க்குப் பொருள் விளங்காதவரை எம்மொழியாயினும் ஒன்றே என்பது படமெடுத்தோர் கருத்துப் போலும். ஒரு பிரெஞ்சுக் கிராமத்தில் ஊரவரை நோர்வீஜிய மொழி பேசவைக்க அவர்கள் துணிந்திருப்பரோ?